பத்து சிகரெட் குரல்

எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் குரலை அளக்க ஓர் அளவுகோல் வைத்திருந்தோம். படித்தவர்கள் சுருதி, ஸ்தாயி என்று ஏதேதோ சொல்வார்கள். எங்களுக்கு அதெல்லாம் கிடையாது. அரை சிகரெட் குரல், ரெண்டு சிகரெட் குரல், அஞ்சு சிகரெட் குரல், அவ்வளவுதான். கதாநாயகனின் அப்பா என்றால் அரை போதும். வட்டிக்காரன், வக்கீல், பெண் கொடுக்க மறுக்கும் மாமனார் எல்லாம் ரெண்டு. கடத்தல்காரன் அஞ்சு. கடைசிக் காட்சியில் குண்டடி பட்டு, நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு அப்புறம் சாகிறவன் என்றால் ஏழுக்குக் குறைந்து எந்த டைரக்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"அண்ணே, இந்த ஆளுக்கு ஒரு அஞ்சு வேணும்" என்பார் டைரக்டர். வில்லன் அண்ணன் மைக்கை விட்டு எழுந்து பின்பக்க இரும்புப் படிக்கட்டுக்குப் போவார். துணைக்கு நாங்களும் போவோம். கலைக்கு நாங்கள் செய்த தொண்டு அது.

வில்லன் அண்ணன் என்பது பட்டப்பெயர். படங்களில் வில்லன்களுக்குப் பின்னணிக் குரல் கொடுப்பதுதான் அவர் தொழில். நேரில் பார்த்தால் யாரோ பதிவுத் தபால் கொண்டுவந்திருக்கிறார் என்று கையெழுத்துப் போடப் போய்விடுவீர்கள். ஒடிசல் உடம்பு, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடிக் கூடு, நடையில் ஒரு தயக்கம். வாயைத் திறந்தால் மட்டும் சரளைக்கல் ஏற்றிய லாரி மேட்டில் ஏறும். காய்கறிக் கடையில் அவர் "நல்லதா பாத்துப் போடுங்க" என்று சாதாரணமாகத்தான் சொல்வார். கடைக்காரர் போட்டதையெல்லாம் கொட்டிவிட்டு முதலிலிருந்து பொறுக்குவார்.

நான் அங்கே சவுண்ட் இன்ஜினியர். மூன்றாவது மாடியில் எங்கள் கூடம். கீழே கண்ணாடிக் கடை. பின்னால் அந்த இரும்புப் படிக்கட்டு. தீப்பிடித்தால் தப்பி ஓடுவதற்காகக் கட்டியது, நாங்கள் நெருப்போடு அங்கே போய் உட்காருவோம். மணல் நிரப்பிய பெயிண்ட் டப்பா ஒன்று, அச்சகத்தின் அழுக்குச் சுவர், அதன்மேல் எங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன புறாக்கள். ஒருவர் சிகரெட்டிலிருந்து இன்னொருவர் பற்றவைத்துக்கொள்வார். இசையமைப்பாளர் கார் டிரைவரிடம் தீப்பெட்டி கேட்பார். சமத்துவத்தைப் பற்றி யாரும் சொற்பொழிவு ஆற்றாத இடம் என்பதால் அங்கே அது கொஞ்சம் இருந்தது. உள்ளே மூன்று நாளாக ஓடிய சண்டை, ஒரு சிகரெட் எரிந்து முடிவதற்குள் தீர்ந்துவிடும். தீராவிட்டால் இன்னொன்று.

சட்டை, தலைமுடி, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றிலும் ஒரே நாற்றம். இன்றைக்கும் தெருவில் அந்த நாற்றம் எதிர்ப்பட்டால் பழைய காதலி கடந்து போனமாதிரி திரும்பிப் பார்க்கிறேன். அவளும் என்னைக் கொல்லத்தான் பார்த்தாள் என்பது வேறு விஷயம்.

அந்தக் காலத்தில்தான் அரசாங்கத்தின் புகையிலைத் தடுப்புப் பிரிவு எங்களைத் தேடி வந்தது. தியேட்டர்களில் படத்துக்கு முன்னாலும் இடைவேளைக்கு அப்புறமும் ஓர் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. நாலே வரி. முதலில் செய்தி வாசிப்பவர் ஒருவரை வைத்துப் பதிவு செய்தார்கள். வெற்றிலை பாக்குகூடத் தொடாத மனிதர். அவர் சொன்னதைக் கேட்டால் புற்றுநோய் நாளை மாலை லேசான தூறலுடன் வரும் என்பதுபோல் இருந்தது. அப்புறம் பக்திச் சொற்பொழிவாளர் ஒருவர். அவர் நாலு வரியை நாற்பது வரியாக்கினார். கடைசியில் எங்கள் முதலாளிதான் சொன்னார்:

"சார், இது பத்து சிகரெட் குரல் கேக்குற விஷயம். நம்மகிட்ட ஆள் இருக்கு."

அண்ணன் பத்தும் பிடித்துவிட்டு வந்து பேசினார். நான் பதிவு செய்தேன். ஒலிநாடாவில் ஒட்டுவேலை பார்த்தேன். பேச்சுக்கு நடுவே வரும் இருமல், மூச்சு, செருமல் எல்லாவற்றையும் பிளேடால் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டுவது என் வேலை. ஒட்டினேன். நாலு வரியும் பாறையில் வெட்டிய எழுத்து மாதிரி நின்றது.

அதற்கப்புறம் ஊர் உலகமெல்லாம் அந்தக் குரல்தான். தியேட்டரில் ஜனங்கள் அவரோடு சேர்ந்து ஒப்பிப்பார்கள். குழந்தைகள் அப்பாவைப் பார்த்து அந்தக் குரலில் மிரட்டும். அண்ணிக்கு, அதாவது வில்லன் அண்ணன் மனைவிக்கு, தலைகால் புரியாத பெருமை. அவர் கணக்கு டீச்சர். எதற்கும் லேசில் மயங்குகிறவர் இல்லை. ஆனால் தியேட்டரில் அந்தக் குரல் வந்ததும் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

"எங்க வீட்டுக்காரர்தான்."

"அப்படியா, எங்கே அவர்?"

"வெளியில நிக்கிறாரு."

வெளியில் எதற்கு நிற்கிறார் என்று அண்ணி சொல்லமாட்டார். ஒருமுறை நானும் அண்ணனோடு வெளியே நின்றிருந்தேன். கதவிடுக்கில் அவர் குரல் தேசத்தையே எச்சரித்துக்கொண்டிருந்தது. டிக்கெட் கிழிப்பவர் வந்து அண்ணன் வாயிலிருந்ததைக் காட்டிக் கேட்டார்:

"உள்ளே அந்தப் பெரிய மனுஷன் அடிச்சுக்கிறாரே, காதுல விழலையா?"

அண்ணன் வாயைத் திறக்காமல் அணைத்தார். திறந்திருந்தால் மாட்டியிருப்பார்.

பிறகு காலம் மாறியது. பேருந்தில் கூடாது என்றார்கள், தியேட்டர் வராந்தாவில் கூடாது என்றார்கள், அலுவலகத்தில் கூடாது என்றார்கள். எங்கள் இரும்புப் படிக்கட்டுக் கதவுக்கும் பூட்டு வந்தது. இப்போதெல்லாம் ஒரு சிகரெட் பிடிக்க வங்கிக் கொள்ளைக்கு வேண்டிய திட்டம் போடவேண்டியிருக்கிறது. அந்த அலுப்பிலேயே நான் விட்டுவிட்டேன். சுயகட்டுப்பாடு என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

அண்ணன் விட்டது அப்படியல்ல. ஒருநாள் வில்லன் வசனம் ஒன்றைப் பாதியில் நிறுத்திவிட்டு மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வரிக்கு மூச்சுப் போதவில்லை. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "இதுல எது நுரையீரல்னு நீங்களே சொல்லுங்க பார்ப்போம்" என்றாராம். கிராம்பை மென்றார், பேனாவைக் கடித்தார், எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார், ஒரு முறை ஸ்டுடியோ நாற்காலியை உதைத்துக் காலை வீங்கவைத்துக்கொண்டார். ஆனால் விட்டார். ஒரு தடவைகூடத் திரும்பத் தொடவில்லை.

அதில் ஒரு சிக்கல். குரல் தெளிந்துவிட்டது.

மாதம் ஆக ஆகச் சரளைக்கல் எல்லாம் இறங்கிப்போய், அடியிலிருந்து மெல்லிய, மரியாதையான, கொஞ்சம் மூக்கால் வருகிற குரல் ஒன்று எட்டிப் பார்த்தது. எங்கள் கணக்கில் கால் சிகரெட்கூடத் தேறாது. வில்லன் வேஷங்கள் போயின. குளிர்சாதனப் பெட்டி விளம்பரம் ஒன்று வந்தது. அதுவும் பெட்டி பேசுவதாக.

"குரல் போனதுல எனக்கும் சங்கடம்தான் தம்பி" என்று அண்ணியே ஒருநாள் என்னிடம் சொன்னார். "நல்லதுக்குத்தான், தெரியுது. ஆனா சமையல்கட்டுல நிக்கும்போது பின்னாடி இவர் பேசினா, யாரோ சென்சஸ் எடுக்க வந்த ஆள்னு திரும்பிப் பாக்குறேன்."

எனக்கும் அதே சங்கடம்தான். அண்ணனிடம் சொன்னதில்லை.

இந்த நிலையில்தான் தடுப்புப் பிரிவு மறுபடி வந்தது. சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். நாலு வரி எச்சரிக்கையில் இப்போது மின்சிகரெட், வாசனை சேர்த்த வகைகள், உதவி எண் எல்லாம் நுழைந்து, முற்றுப்புள்ளிக்கே இடமில்லாத ஒரு வாக்கியமாகியிருந்தது. அதோடு ஓர் அதிகாரியும் வந்தார். துணை இயக்குநர். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வார், தான் இன்னும் தான்தானா என்று.

"குரல் என்பது வெறும் குரல் அல்ல, அது ஒரு கொள்கை முடிவு" என்று ஆரம்பித்தார். நாங்கள் நால்வர் மட்டுமே எதிரே இருந்தோம். அண்ணன், அண்ணி, முதலாளி, நான். அவர் பேசியது நானூறு பேருக்கு. "பொதுமக்கள் மனதில் பதிந்துள்ள அந்தக் குரலை மாற்றக் கூடாது என்பது எங்கள் குழுவின் ஏகமனதான கருத்து. தொடங்கலாமா?"

அண்ணி பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அண்ணன் வந்ததிலிருந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஊருக்கே தெரிந்த அவருடைய ஒரே சொத்து அந்த நாலு வரி. அதுவும் கையை விட்டுப் போய்விட்டால் மிச்சமிருப்பது குளிர்சாதனப் பெட்டிதான்.

அறைக்குள் போய் மைக் முன்னால் நின்று படித்தார். துணை இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார். திறந்தார்.

"இவர் யார்?"

"அவரேதான் சார்" என்றார் முதலாளி.

"புகை பிடிக்காதீர்கள்னு சொல்ற மாதிரியே இல்லையே. டீ சாப்பிடுறீங்களான்னு கேக்குற மாதிரி இருக்கு."

அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை தொண்டையை இறுக்கிப் படித்தார். சென்சஸ் எடுக்க வந்தவருக்கு ஜலதோஷம் பிடித்ததுபோல் இருந்தது.

முதலாளி தயங்கித் தயங்கி எங்கள் அளவுகோலை விளக்கினார். அந்தக் குரல் பிறவிக் குரல் இல்லை, பத்து சிகரெட் குரல் என்றார். துணை இயக்குநர் வெகுநேரம் அடையாள அட்டையையே பார்த்தார்.

"நீங்கள் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை" என்றார் பிறகு, சுத்தமான எழுத்துத் தமிழில். "ஆனா ஒண்ணு. அமைச்சர் முன்னால இதைப் போட்டுக் காட்டணும். பொதுநலன்னு ஒண்ணு இருக்கு. கோடிக்கணக்கான பேர் பிடிக்காம இருக்கறதுக்காக ஒருத்தர், ஒரே ஒரு வேளை..." வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டுத் தன் டிரைவரைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார்.

டிரைவர் அரைமணி கழித்து வெறுங்கையோடு வந்தார்.

"பக்கத்துல ஸ்கூல் இருக்காம் சார். இந்த வட்டாரத்துலயே விக்கக் கூடாதாம். அந்தாண்ட ஒரு கடையில இருக்கு, ஆனா உதிரியா தரமாட்டேங்கறான். யாருக்குன்னு கேட்டான். புகையிலைத் தடுப்புப் பிரிவுக்குன்னு சொன்னேன். ஷட்டரை இறக்கிட்டான்."

"என்னய்யா இது, ஒரு சிகரெட் வாங்க முடியாதா ஒரு மனுஷனால?" என்று கொதித்தார் துணை இயக்குநர்.

"உங்க பிரிவு அவ்வளவு நல்லா வேலை செய்யுது சார்" என்றேன் நான்.

கோபத்துக்கு நடுவிலும் ஒரு நொடி அவர் முகம் மலர்ந்தது. பாவம், பாராட்டு எந்த வேளையில் வந்தாலும் மனிதனுக்குப் பிடிக்கும்தானே.

டிரைவர் இன்னும் தூரம் போய் ஒரு முழுப் பாக்கெட்டே வாங்கிவந்தார். அதை நடுமேஜையில் வைத்தார்கள். அட்டை முழுக்க ஒரு தொண்டைப் படம், ஓட்டையோடு. துணை இயக்குநர் படம் தெரியாதபடி பாக்கெட்டைக் கவிழ்த்து வைத்தார். பின்பக்கத்திலும் அதே படம். அவருடைய பிரிவுதான் அப்படி உத்தரவு போட்டது.

அண்ணன் வெளியே வந்து அதன் எதிரில் உட்கார்ந்தார். தொடவில்லை. ஆனால் அவர் மூக்கு லேசாக விரிந்ததை நான் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் என் மூக்கும்தான். முதலாளி இரும்புப் படிக்கட்டுச் சாவியை எங்கிருந்தோ எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார், கடவுள் படத்துக்குப் பூ வைப்பது போல. அத்தனை வருஷத்து மத்தியானங்களும் அந்தப் பூட்டுக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. கதவைத் திறந்தால் புறாக்களும் பெயிண்ட் டப்பாவும் நாங்களும் இருப்போம்.

அண்ணன் அண்ணியைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க" என்றார் அண்ணி. "வேணாம்னு நான்தான் சொல்லணும். எனக்கு வாய் வரமாட்டேங்குது."

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு பிடிச்சா..." என்று இழுத்தார் அண்ணன். வீட்டிலும் அவர் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்.

"ஒண்ணுல அந்தக் குரல் வருமா?"

"வராது. பத்து வேணும்."

"பத்து பிடிச்சா அப்புறம்?"

அண்ணன் மேஜைமேல் இருந்த சாவியைப் பார்த்தார். பத்தோடு நிற்கிற ஆள் இல்லை அவர். அது அங்கே எல்லோருக்கும் தெரியும், துணை இயக்குநரைத் தவிர.

அண்ணன் என்னிடம் திரும்பினார். "பழசை ஒருதடவை போடு. வெட்டினது வேணாம். முழுசு வச்சிருக்கேல்ல? புதுசு நீள வசனம். அப்போ எங்கெங்க மூச்சு எடுத்தேன்னு பாக்கணும்."

வெட்டுவதற்கு முன் நாடாவுக்கு ஒரு நகல் எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். அந்த நகல்களை எல்லாம் பின்னாளில் கணினியில் ஏற்றி வைத்திருந்தேன். தேடிப் போட்டேன்.

முதல் வரி வந்தது. அதன் கனத்தில் அறையே கொஞ்சம் இறங்கி உட்கார்ந்தது. என்ன குரல் அது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். முதலாளி "ஆகா" என்றார். துணை இயக்குநர் "இதேதான், இதேதான்" என்று மேஜையைத் தட்டினார்.

பிறகு இருமல் வந்தது.

நான் இதை மறந்தே போயிருந்தேன். வெட்டி எறிந்தது நான்தான், ஆனாலும் என் நினைவில் இருந்தது ஒட்டிய பிரதி மட்டும். சாதாரண இருமல் இல்லை. அடிவயிற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. நிற்கிறமாதிரி நின்று மறுபடி பிடித்தது. நடுவில் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம், துருப்பிடித்த அடிபம்பில் காற்று மட்டும் வருகிறமாதிரி. அதற்குப் பின்னால், தூரத்தில், நாங்கள் சிரிக்கும் சத்தம். கூட்டமாக, சந்தோஷமாக. முதலாளியின் இளமைக் குரல், "இன்னொண்ணு பத்த வைங்கண்ணே, எல்லாம் சரியாயிடும்" என்றது. தீக்குச்சி உரசுகிற சத்தம்கூடத் தெளிவாகப் பதிவாகியிருந்தது. அப்போதே நல்ல மைக்குகள்தான் வாங்கிப் போட்டிருந்தோம்.

நான் நிறுத்தக் கையை நீட்டினேன்.

"நிறுத்தாதீங்க தம்பி" என்றார் அண்ணி.

இரண்டாவது வரி, இருமல். மூன்றாவது வரி, பாதியில் இருமல், மறுபடி முதலிலிருந்து மூன்றாவது வரி. நாலு வரிக்கு எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா, துணை இயக்குநர் தண்ணீர் கேட்டு, வந்து, குடித்து முடித்துவிட்டார். கடைசி வரி முடிந்ததும் காகிதம் மடிக்கிற சத்தம். அப்புறம், மைக்கை விட்டுத் தள்ளி, இழுத்து இழுத்து, பாதி காற்றாக ஒரு குரல்: "நல்லா... வந்துச்சா?"

அதோடு முடிந்தது. முதலாளி சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யாரையும் பார்க்கவில்லை.

அண்ணிதான் முதலில் பேசினார்.

"வீட்டுக்கு வந்தது இந்தக் கடைசிக் குரல்தான். படியேறி வந்து கதவுகிட்ட நின்னு, பேச முடியாம, கையால தண்ணி கேக்குமே, அது. மத்த குரலை நானும் டிக்கெட் வாங்கித்தான் கேட்டேன்." கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வேணாங்க."

அண்ணன் தலையை ஆட்டினார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தவர்போல, பாக்கெட்டை ஒரு விரலால் துணை இயக்குநர் பக்கம் நகர்த்தினார்.

"அந்தக் குரல் கிடைக்காது சார்."

"அதெப்படிங்க? குழு முடிவு பண்ணியாச்சு. அதே குரல்னு கோப்புல இருக்கு. நான் மேல என்ன சொல்றது?"

"அந்தக் குரல்காரர் செத்துட்டார்னு சொல்லுங்க."

"எப்படிச் செத்தார்னு கேப்பாங்களே?"

"அதையும் உங்க பிரிவுக்கு நான்தான் சொல்லிக் கொடுக்கணுமா சார்?"

துணை இயக்குநர் இதை நகைச்சுவை என்று எடுத்துக்கொள்ளவில்லை. நடைமுறைச் சிக்கலாகவே எடுத்துக்கொண்டார். அப்படியானால் புதுக் குரலுக்குத் திறந்த தேர்வுதான் வைக்க வேண்டும் என்றார். விருப்பமிருந்தால் அண்ணனும் எல்லோரையும் போல வந்து கலந்துகொள்ளலாம், ஆட்சேபணை இல்லை என்று பெருந்தன்மையோடு சேர்த்துக்கொண்டார். போகும்போது பாக்கெட்டை டிரைவரிடம் கொடுக்க நீட்டினார். டிரைவர், "நான் பிடிக்கிறதில்லை சார், தியேட்டர்ல கேட்டு விட்டுட்டேன்" என்றார்.

அண்ணன் தேர்வுக்குப் போனார். முடிவு தெரிந்த அன்று மத்தியானம் எனக்குப் போன் செய்தார். ஒரு பல் டாக்டரை எடுத்திருக்கிறார்களாம். பொதுமக்கள் இயல்பாகவே பயப்படும் குரல் அதுதான் என்று குழு ஏகமனதாகக் கருதியதாம்.

"உங்களுக்கு என்ன காரணம் சொன்னாங்க?"

"எனக்கா? 'புகையிலையோட கொடுமையை அனுபவிச்ச சாயலே இந்தக் குரல்ல இல்லை'ன்னு எழுதியிருக்காங்கடா."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். பின்னால் அண்ணி, போனில் யாரென்று கேட்பதும் காதில் விழுந்தது. பதில் சொல்ல முயன்று, முடியாமல், மறுபடி சிரித்தார். பழக்கதோஷம், நான் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, சிரிப்புக்கு அப்புறம் வழக்கமாக வருகிற இருமலுக்காகக் காத்திருந்தேன். சிரித்துக்கொண்டே இருந்தார். இருமல் வரவில்லை.